கத்தரினா வாய்விட்டுச் சொன்ன நேர்த்தி

டொறத்தி புதுச் சப்பாத்துடன் வந்து வாசலில் நின்றாள். மடு மாதா கோயிலுக்கு நடப்பதற்கென்றே புத்தளத்தில் வாங்கியதாம். காலைக் கடிக்காமல் பழக்க வேண்டுமென்று ஒரு கிழமையாகக் கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டே திரிகிறாள். பார்த்த கத்தரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன புருஷனின் தங்கை என்று இவளை இத்தனை வருடம் பொறுத்ததே பெரிய காரியம்.

"மச்சாள், சப்பாத்துக்குள்ள போட நீங்க எத்தின சோடி மேசு எடுத்து வச்சீங்க?"

"எனக்கு என்னத்துக்கு மேசு? நான் வெறுங்காலோட போறன்."

"ஐயோ, காட்டுக்குள்ள முள்ளுக் கிடக்குமே!"

"மாதா கூட்டி வைப்பா. நீ உன்ர மேசுகளைப் பார்."

டொறத்தி அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டு நெஞ்சில் சிலுவை போட்டாள். கேலி செய்தால்கூட விளங்காத மனுசியை என்ன செய்வது?

சண்டை முடிந்து வில்பத்துக் காட்டுப் பாதை திறந்த பிறகு, ஆலங்குடாவுக்கு அப்பால் உள்ள இந்தக் கரையிலிருந்து ஒவ்வொரு ஆவணித் திருநாளுக்கும் ஒரு கூட்டம் மடுவுக்கு நடந்து போகிறது. முதல் வருடம் போனவர்கள் ஆளுக்கொரு பாயும் செபமாலையும் கொண்டு போனார்கள். இப்போது சாமான் ஏற்ற ஒரு டிராக்டர் கூடவே வர வேண்டும். கேஸ் அடுப்பு, மடக்குக் கதிரை, சோடாப் போத்தல், சீனிச்சம்பல், முகத்துக்குப் பூசும் கிறீம். நாளை விடியப் புறப்பாடு என்றால் இன்று பிற்பகல்வரை ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒன்று மறந்து போய்க்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ரீ சேட் வேறு. நெஞ்சில் மாதாவின் படம், முதுகில் அதை இலவசமாக அடித்துக் கொடுத்த இரும்புக்கடையின் விளம்பரம். மாதா முன்னால் போக, கூரைத்தகடும் ஆணியும் பின்னால் வரும். கத்தரினா தனக்குத் தந்ததை அடுப்படியில் கைபிடித் துணியாக வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் அவள் திட்டித் தீர்த்துவிடுவாள். தீர்க்க முடியாதது ஒன்றே ஒன்று. அது லியோன் மூப்பர் போட்ட சட்டம்.

லியோன் மூப்பர் கோயிலில் மணியடிப்பவர், திரி கொளுத்துபவர், பங்குச் சுவாமி வராத நாட்களில் சுவாமியைவிடப் பெரிய சுவாமி. நடப்பதற்கு முதல் நாள் மாலை ஒவ்வொருவரும் மாதா சுரூபத்தின் முன் நின்று தன் நேர்த்தியை, எதற்காக நடக்கிறோம் என்பதை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். ஒளித்த நேர்த்தியோடு காட்டுக்குள் போனால் ஆனை வழிமறிக்குமாம். மூப்பர் ஆனையைப் பார்த்ததெல்லாம் கலண்டரில்தான். அது வேறு கதை.

கத்தரினாவுக்கு ஆனைப் பயம் இல்லை. சொல்ல வேண்டியதை நினைத்தால்தான் பயம்.

போன வருடம் அவளுடைய மகன் றெக்சன், டொறத்தியின் மகன் மிலான், இன்னும் ஊர்ப் பொடியன்மார் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்கென்று ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். ஆறு பேர் தொழிலுக்குப் போகிற வள்ளம் அது. அதில் மாடு ஏற்றுகிற மாதிரி ஆளை ஏற்றினார்கள். ஊரே கூடிக் கையசைத்தது. டொறத்தி கேக் அடித்துக் கொடுத்தாள். கடலுக்குப் போன புருஷனின் சவத்தைக்கூடக் காணாத கத்தரினா மட்டும் கோயிலுக்கு ஓடி, முழங்காலில் விழுந்து கேட்டாள்: "மாதாவே, என்ர பிள்ளைய அங்க சேர்க்காத. திருப்பிக் கொண்டு வா. வெறுங்காலோட மடுவுக்கு நடந்து வாறன்."

எஞ்சின் நின்றது. நடுக்கடலில் மிதந்தவர்களை ஒரு கப்பல் ஏற்றியது. கடைசியில் விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். வந்ததும் கொஞ்ச நாள் மறியலில் அடைத்தும் வைத்தார்கள். மாதா தன் பங்கைக் கச்சிதமாகச் செய்து முடித்துவிட்டாள்.

வந்த றெக்சன் யாருடனும் கதைக்கவில்லை. மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். கத்தரினா மடுவுக்கு நடக்கப் போவதாகச் சொன்ன அன்றுதான் அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது. தன் அடுத்த பயணத்துக்காகத்தான் அம்மா நடக்கிறாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். டிராக்டரைத் தானே ஓட்டுவதாகச் சொன்னான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகனின் குரல் வீட்டில் கேட்டதே போதுமென்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று பிற்பகல் அவன் அவள் காலடியில் குந்தியிருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தான்.

"இத்தாலி விசா சரிவந்தா உங்களையும் ஒருநாள் ரோமாபுரிக்குக் கூட்டிப் போவன்மா."

"ம்."

"மாதாட்ட நல்லாக் கேளுங்க. நீங்க கேட்டாக் கிடைக்கும்."

நீங்கள் கேட்டால் கிடைக்கும் என்கிறான், பைத்தியக்காரன். ஊரெல்லாம் வேசம் போடுகிறது என்று கரித்துக்கொட்டிய வாய்க்கு, சொந்த வேசத்தைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. கத்தரினாவுக்குத் தன் முகத்திலேயே துப்ப வேண்டும் போலிருந்தது.

மாலையில் கோயில் நிறைந்திருந்தது. டொறத்திதான் முதலில் எழுந்தாள், வேறு யார் எழுவார்? மிலானுக்கு நல்ல வேலை, அதுவும் குளிர் அதிகமில்லாத நாட்டில். பிறகு ஒரு பெண், அதுவும் நம்மட வேதத்தில், கொஞ்சம் வெள்ளையாக. மாதாவுக்கு அவள் பெண் வீட்டு விலாசத்தை மட்டும்தான் கொடுக்கவில்லை. எல்லோரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். அடுத்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கடைக்குச் சாமான் சொல்லிவிடுகிற மாதிரிச் சொல்லி அமர்ந்தார்கள்.

கத்தரினா எழுந்தாள். பின் வரிசை வாங்குப் பலகையருகே றெக்சன் கைகூப்பி நின்றான்.

"என்ர மகனுக்காக" என்றாள். அமரப் போனாள்.

"மகனுக்கு என்ன எண்டு விளக்கமாச் சொல்லம்மா" என்றார் மூப்பர். "ஒளிக்கப்படாது."

மகனுக்கு நல்ல வழி காட்ட வேண்டும் என்றால் போதும். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, வீட்டில் சமாதானம். நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். கேட்டதைக் கேட்டபடி தந்தவளின் முகத்துக்கு நேரே நின்று மழுப்புவதா? அப்படி மழுப்பிவிட்டு மடுவரை நடந்தென்ன, ரோமாபுரிவரை நடந்தென்ன?

"வேண்டிக்கொள்ள ஒண்டுமில்லை. நான் நன்றி சொல்லப் போறன்" என்றாள். "போன வருசம் அந்த வள்ளம் போய்ச் சேரப்படாது எண்டு கேட்டன். திரும்பி வரவேணும் எண்டு கேட்டன். வந்திட்டுது."

மூப்பருக்கே அடுத்து என்ன செபம் சொல்வதென்று தெரியவில்லை. டொறத்திதான் முதலில் கத்தினாள்.

"அடிப் பாவி! என்ர பிள்ளையுமல்லோ அதில போனவன்!"

"ஓம். உன்ர பிள்ளையும்தான் வந்திருக்கிறான், நீ ஒரு நேர்த்தியும் வைக்காம. கேக் அடிச்சவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

றெக்சன் வாங்குகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"தண்ணியில்லாம நாங்க கடலில கிடந்தது உங்கட நேர்த்தியிலயா?"

"அது எனக்குத் தெரியா. ஆனா நான் கேட்டன்."

"என்ர வாழ்க்கைய நாசமாக்கிப் போட்டு, காலில எண்ணெயும் தேய்க்க வச்சீங்களே!"

அந்த எண்ணெய் களவாக வாங்கியதுதான். "கோவி மகன்" என்றாள். "நல்லாக் கோவி. கோவிக்கிறதுக்கு நீ இருக்கிறாய். உன்ர அப்பா இல்லை."

அவன் வெளியே போய்விட்டான். அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை.

விடியற்காலை கோயில் முற்றத்தில் எல்லோரும் சாமானோடு நின்றார்கள். டிராக்டர் வரவில்லை. எல்லாக் கண்களும் கத்தரினாவை மொய்த்தன. எரிச்சலோடு அவளும் ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாள். ஆனால் கடற்கரையில் எந்த எஞ்சின் இரைந்தாலும் காது அந்தப் பக்கம் போனது. கோபத்தில் பொடியன் மறுபடி ஏதாவது வள்ளத்தில் ஏறிவிட்டானோ?

பிறகு ஒழுங்கைக்குள் டிராக்டர் இரைந்து வந்தது. றெக்சன் இறங்கினான். கண் சிவந்து கிடந்தது. ஒருவருடனும் கதைக்கவில்லை. கேஸ் அடுப்பை ஏற்றினான், கதிரைகளை ஏற்றினான், டொறத்தியின் மூன்று மூட்டைகளை ஏற்றினான். கத்தரினாவின் பையை மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தான். மண்ணில் தனியாகக் கிடந்த பையைப் பார்த்து மூப்பருக்கே கூச்சமாகிவிட்டது.

"தம்பி, அம்மாட பை..."

டிராக்டர் புறப்பட்டுவிட்டது.

கத்தரினா குனிந்து பையைத் தூக்கித் தலையில் வைத்தாள். ஒரு உதவியும் கேட்கவில்லை. டொறத்தி அரைமனதாக நீட்டிய கையையும் தட்டிவிட்டாள்.

"பாத்தியா" என்றாள் டொறத்தியிடம். "என்ன கொழுப்பு, என்ன திமிர்! என்ர பையை மட்டும் விட்டுட்டுப் போறான்." சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. முன்னால் புழுதிக்குள் மகனின் தலை பள்ளம் திட்டிக்கெல்லாம் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தபடி, வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினாள்.