நீதிபதி நாற்காலி

சட்டக் கல்லூரியில் சேர நினைப்பவர்கள் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொன்னதே அங்கே படிக்கும் அக்காதான். அடுத்த வாரம் வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். சின்னவளுக்கு அதுவரை பொறுமை ஏது? வேலை பார்க்கும் மருந்துக்கடையில் விடுப்பு கிடைத்ததும், அக்காவைத் திகைக்கவைக்கலாம் என்று இந்த வாரமே போய் நின்றாள். போகாமலே இருந்திருக்கலாம்.

அந்தப் பேராசிரியருக்கு ஒரு பழக்கம். வகுப்பைப் பார்க்க வந்தவர் யாராயிருந்தாலும் அன்றைக்கு அவர்தான் நீதிபதி. மாணவர்கள் இரண்டு தரப்பாக வாதாட வேண்டும். சம்பவங்களை அவரவரே கற்பனை செய்துகொள்ளலாம். மேடைமேல் இருந்த பெரிய நாற்காலியில் சின்னவளை உட்காரவைத்தார். கால் தரைக்கு எட்டவில்லை. பெருமை மட்டும் கூரையைத் தொட்டது.

பிரியும் தம்பதியின் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பது வழக்கு. அடுத்த மாதம் கோர்ட்டில் சின்னவளுக்கும் அதே வழக்குதான். அவள் பக்கம் சாட்சி சொல்ல இருந்தது அக்கா ஒருத்திதான்.

மனைவிக்காக ஒரு பையன் பேசி முடித்தான். கணவன் தரப்பு வக்கீல் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். அக்கா.

நாற்காலியில் இருப்பது யார் என்று பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வேறு எதையாவது பேசியிருக்கலாம். தலைவலி என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவள் ஆரம்பித்தாள்.

"இந்த அம்மா ஒருநாள் கோவத்துல, அழுதுட்டிருந்த குழந்தைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாங்க. இவங்கள நம்பி எப்படிக் குழந்தையக் குடுக்கிறது?"

அது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அக்காவின் மடியில் படுத்து அழுதுகொண்டே சொன்னது. இது என்னோடு போய்விடும் என்று தலையைத் தடவிக்கொடுத்த அதே கைதான் இப்போது நீட்டி முழக்கிக்கொண்டிருந்தது. வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. நன்றாகத்தான் பேசினாள், பாவி.

பேராசிரியர் சிரித்தபடி தீர்ப்பு கேட்டார். சின்னவள் அக்காவையே பார்த்துச் சொன்னாள்.

"குழந்தை அம்மாகிட்டதான் இருக்கணும்."

"காரணம் சொல்லணுமே?"

"அவ பஸ் ஏறல சார். அங்கேர்ந்தே திரும்பி ஓடிவந்துட்டா. வக்கீலம்மா அத முழுங்கிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. நீதிபதி தானாகச் சம்பவம் சேர்க்கக் கூடாது என்று பேராசிரியர் விளக்கினார். அன்றைய முதல் மதிப்பெண் அக்காவுக்கு.

வராந்தாவில் அக்கா துரத்தி வந்து கையைப் பிடித்தாள். நீ வருவாய் என்று தெரியாது, பெயரைச் சொல்லவில்லையே, எல்லாம் மதிப்பெண்ணுக்காகத்தான் என்று அடுக்கினாள்.

"நான் இருக்கிறது தெரியாமப் பேசியிருந்தா மன்னிச்சிருப்பேன்க்கா. என்னைப் பார்த்துட்டுத்தான பேசின?" என்றாள் சின்னவள். "அடுத்த மாசம் நீ கோர்ட்டுக்கு வர வேணாம்."

"அப்ப உனக்கு யாருடி சாட்சி?"

சின்னவள் தனக்கு இருந்த ஒரே சாட்சியின் கையை உதறிவிட்டுப் படியிறங்கினாள்.