மஞ்சள் கிண்ணத்தில் அந்துப்பூச்சி

மூன்று வருடமாகச் செத்த பூச்சி எண்ணுகிறேன். இதற்கா இவ்வளவு படித்தாய் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் முன்பு கோபம் வரும். இப்போது அதற்கும் தெம்பில்லை.

வேலை இதுதான். ஒரு வயலின் ஓரத்தில் நான்கடி அகலத்துக்குக் காட்டுப்பூ விதை தூவியிருக்கிறோம். பூ வந்தால் பூச்சி வகைகள் பெருகுமா என்று பார்க்க வேண்டும். காலையில் மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். பூ என்று நம்பி வந்து விழுபவற்றை மாலையில் அள்ளிச் சீசாக்களில் போட்டு எடுத்து வருவேன். முதல் இரண்டு வருடமும் பூ பூத்தது, பூச்சி என்னவோ கூடவில்லை. மூன்றாம் வருடமும் இப்படியே என்றால் எல்லாவற்றையும் உழுதுவிடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் வருடம் கூடியது. எட்டு வகை பதினேழானது. அதில் ஒரு குட்டித் தேனீ, கால் நிறைய மயிர், இந்தப் பக்கத்தில் நான் ஒருநாளும் பார்க்காதது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

அடுத்த சீசாவில் ஓர் அந்துப்பூச்சி. பகல் முழுக்க எங்காவது ஒட்டிக்கொண்டு தூங்கும் ஜாதி. பகலில் மட்டும் வைக்கிற கிண்ணத்தில் அதற்கு என்ன வேலை? இறக்கையில் துடைப்பத் துரும்பு வேறு ஒட்டியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்!

மறுநாள் காலை சீசாப் பெட்டியோடு வயல்காரரிடம் போய் அந்துப்பூச்சிச் சீசாவை நீட்டினேன்.

"அண்ணே, இது எப்படி வந்துச்சு?"

ஐம்பது வயது மனிதர் தலையைச் சொறிந்தார். "வாசல் விளக்குக்குக் கீழ தினமும் விதவிதமா பூச்சி கொட்டிக் கிடக்கும்மா. உங்க அண்ணி கூட்டித் தள்ளுவா. குப்பைக்குப் போறதுதானேன்னு நாலு எடுத்து உங்க கிண்ணத்துல..."

"ஐயோ! எதுக்குண்ணே?"

"ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைப் பார்த்துட்டு மூஞ்சி வாடிப்போய்க் கிளம்பறீங்க. மனசு கேக்கல."

"எந்தெந்த நாள் போட்டீங்க? அதை மட்டும் கழிச்சுடறேன்."

"இந்த வருஷம் மூஞ்சி வாடின ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள்."

"அது வாடாத நாள் எதுண்ணே?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். இத்தனை வருடத்தில் என் முகத்தைக் கவனித்தவர் இவர் ஒருவர்தான் என்று தோன்றியதும் அழுகை வந்தது.

"இந்த வருஷக் கணக்கே செல்லாதுண்ணே. பூவை உழுதுடுவாங்க."

அவர் முகம் வெளிறியது. என் பெட்டியைக் கிளறித் தேனீ இருந்த சீசாவை எடுத்தார். "இது நான் போட்டதில்லம்மா, சத்தியமா. தானா வந்துச்சு. அந்த ஊதாப் பூவுல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்."

நம்பினேன். பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அந்துப்பூச்சிக்கே ஒன்று சொல்லியிருப்பார். ஆனால் ஒருவர் கை பட்ட கிண்ணத்திலிருந்து எதையும் சேர்க்க முடியாது. படிவத்தை எடுத்து மடியில் வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழு வகையையும் கோடு போட்டு அடித்தேன், தேனீயையும் சேர்த்து.