தென்றலுக்குத் தரவேண்டிய இடம்

பல் டாக்டர் கீதாஞ்சலி கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முன்பல்லு நாலும் ஆடுது சார். ஈறு ரொம்ப இறங்கிடுச்சி. ஊதுறத நிறுத்தணும்."

"எத்தினி நாளைக்குங்க?"

"மொத்தமாவே. இல்லன்னா பல்லு தங்காது."

கலையரசன் தலையை ஆட்டிவிட்டுச் சின்னக்கடைத் தெருவில் இறங்கி நடந்தார். அதிர்ச்சியாக இல்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. பதினேழில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். அங்கே பேண்டு வாத்தியக் குழுவில் சேர்த்து ஓபோ கற்றுக்கொடுத்தார்கள். நாதஸ்வரம்போலச் சீவாளி வைத்து ஊதும் மேல்நாட்டுக் கருவி அது; ஒன்றரை முழ நீளம் இருக்கும். இருபத்து நான்கு வருடம் அணிவகுப்புகளில் ஊதினார். பிறகு சென்னைக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியரானார். மனைவி ரேவதிக்குத் திருவண்ணாமலையில் அரசுப் பள்ளி வேலை என்பதால் குடும்பம் இங்கேயே இருந்துவிட்டது. திங்கள் விடியலில் பஸ் ஏறுவார், வியாழன் திரும்புவார். பதினாறு வருடம் இப்படியே போனது. வருடம் முழுக்க மாணவர்களின் விரலைத் திருத்தும் வேலை. ஆண்டு விழாக் கச்சேரியில் மட்டும் பத்து நிமிடம், இசைக்குழு பின்னால் இருக்க, தனியாக வாசிப்பார்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

தென்றல் அவருடைய மாணவி. அவளும் கீழ்பென்னாத்தூர்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, தனி வாசிப்பைத் தனக்குத் தரும்படி கேட்டாள். துறைத்தலைவர் பலராமனும் விசாரித்தார். "இன்னும் பக்குவம் வரலீங்க" என்றார் கலையரசன். வந்திருந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருடமும் அதையே சொன்னார். இந்த வருடக் கச்சேரிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அழைப்பிதழில் அவர் பெயர் அச்சாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ரேவதியிடம் சொன்னார். பல்லைப் பற்றிச் சொன்னபோது அவள் வருத்தப்பட்டாள். பொய்யைப் பற்றிச் சொன்னபோது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய் சொல்லிட்டு வந்துடுங்க. போன்ல சொல்லாதீங்க."

மறுநாள் ஞாயிறு. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார். படிப்பு விடுமுறைக்கு வந்திருந்த தென்றல், வாசலில் காயும் வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பச்சையம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "வாங்க சார், வெயில்ல வந்துட்டீங்களே" என்று உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள்.

"இந்த வருஷம் நீ வாசிம்மா" என்றார் கலையரசன்.

"எனக்குப் பக்குவம் வரலன்னு சொன்னீங்களே சார்."

"வந்துடுச்சி."

"எப்போ?"

அவர் மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீ மொதல்ல கேட்டப்பவே வந்திருந்துச்சி. எனக்குத்தான் அந்த எடத்த விட மனசு வரல. இப்ப பல்லு போச்சி. அதனாலதான் வந்து நிக்கிறேன். மன்னிச்சுடும்மா."

தென்றல் அழவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "ரெண்டு வருஷம் சார். போன வருஷம் வெளியூர்ல ஒரு இசைக்குழுவுக்கு எழுதிப் போட்டேன். தனியா வாசிச்ச அனுபவம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நானும் எனக்கு வராதுன்னே நம்பிட்டேன்."

குனிந்து, சிதறிய மல்லாட்டையை ஒதுக்கிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"வாசிக்கிறேன். ஆனா இப்ப சொன்னத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எனக்குத் தகுதி இருந்துச்சுன்னு. பலராமன் சாருக்கும் சொல்லிடுங்க."

தண்ணீரோடு வந்த பச்சையம்மாள் இருவர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கலையரசன் தென்றலிடம் ஒரு நோட்டை வாங்கி மடியில் வைத்து எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். தென்றல் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். "சரிங்க சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அன்று மாலை பலராமனுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். "இத நீங்க எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம் சார்" என்றார் பலராமன். பிறகு, "ஒத்திகைக்கு எத்தினி நாள் இருக்கு?" என்று கேட்டார். வேலை போகவில்லை. ஆனால் கச்சேரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து கலையரசனின் பெயர் எடுக்கப்பட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கச்சேரி காலையில் நடந்தது. நாற்பது வருடத்தில் முதல்முறையாக அவர் கீழே, ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் தென்றலுக்கு மூச்சு போதாமல் ஒரு வரி நழுவியது. அவள் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் தயங்கவேயில்லை. கடைசிப் பக்கத்தை, அவர் எப்போதும் அவசரப்படுகிற இடத்தை, அவள் நிதானமாக வாசித்தாள். கைதட்டலில் எல்லோரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். மேடையிலிருந்து அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று பௌர்ணமி. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தோடு கலையரசன் நடந்தார். கையில் ஓபோப் பெட்டி இருந்தது. எடுத்துப் போக வேண்டிய தேவையே இல்லை. பழக்கத்தில் தூக்கிக்கொண்டு போயிருந்தார். கால் வலித்து ஒரு டீக்கடை ஓரம் உட்கார்ந்தபோது, பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்: "பொட்டியில இன்னாங்க?"

"ஓபோ. நாதஸ்வரம் மாதிரி ஒண்ணு."

"வாசிப்பீங்களா?"

"இல்லைங்க. சொல்லிக் குடுக்கிறேன்."

"அப்படியா" என்ற அந்தப் பெண், அடுத்த கேள்வியாக, கட்டணமில்லாத கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். கலையரசன் எழுந்து நின்று கையைக் காட்டி வழி சொன்னார். பிறகு மறுபடி உட்கார்ந்து, ஒரு டீ சொன்னார்.