பாட்டுக்கு மேலே ஒரு சொல்

1

இது நான் யோசித்த கதையல்ல, கேட்ட கதை. என் கதைகளை நானே வாசித்துப் பதிந்து, அதைக் குறுந்தகடாகப் போட்டு வாங்க ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். (இப்போது யார் தகடு கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.) ஆர்டர் எடுக்கும் மேசையில் இருந்த வேல்விழி, "திருத்தம் இருந்தா இப்பவே சொல்லிருங்க சார். பொறவு என்னால முடியாது" என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு அலுப்பு. ஏன் என்று கேட்டேன். மெஷின் பழுதாகி நின்றிருந்ததால் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

பெயர்களை மாற்றிவிட்டேன், வேல்விழி உட்பட.

2

முதல் தொடக்கம்: "சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கும் ஆயிரமாயிரம் பெண்களில் ஒருத்தியான வேல்விழி..." வேண்டாம். ஆயிரத்தில் ஒருத்தி என்று யாரும் தன்னை நினைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது: "ரத்னாவின் தொண்டையில் வளர்ந்திருந்த கட்டி..." இதுவும் வேண்டாம். படிப்பவர் முதல் வரியிலேயே கைக்குட்டையைத் தேடுவார்.

ஆகவே ஜெபகுமாரில் தொடங்குகிறேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு ஒருநாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வேல்விழியிடம் வந்தார். அவர் மனைவி ரத்னா சர்ச்சில் பாடுகிறவள். தொண்டையில் ஆபரேஷன் செய்ய வேண்டும்; குரல் பழையபடி வருமா என்பதற்கு டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. அதனால் அவள் பாட்டுகளை அவசரமாகப் பதிந்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் தன் கையால் ஒரு தகடு கொடுக்க வேண்டும் என்பது ரத்னாவின் ஆசை.

"இப்ப எல்லாரும் போன்லதான சார் கேக்காவ?" என்றாள் வேல்விழி.

"போன்ல அனுப்ச்சா நாளைக்கே அழிச்சிடுவாங்கமா. படம் போட்டு, பேர் போட்டு, கைல புடிக்கிற மாதிரி வோணும்னு கேக்குது."

3

தகட்டின் மேல் அச்சாகும் படத்தைக் கம்ப்யூட்டரில் அமைப்பதும் வேல்விழியின் வேலைதான். அதற்கு முன்புதான் காலமாகிவிட்ட ஒரு பெரியவரின் பிரசங்கங்களைத் தகடாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆள் குறைவு, ஓயாத ஓ.டி. பெரியவருக்குச் செய்த அதே அமைப்பைத் திறந்து, படத்தை மாற்றினாள், பெயரை மாற்றினாள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த 'நினைவாக' என்ற சொல்லை மாற்றவில்லை.

மாதிரியை ஜெபகுமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில் வந்தது: 'ரத்தினா இல்ல, ரத்னா. மத்தது ஓகே.' பெயரைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் ஜெபகுமார் வந்து பெட்டிகளை வாங்கிப் போனார். சாப்பாட்டுக்குப் பிறகு, பரிசோதனை மேசையில் மிஞ்சிக் கிடந்த ஒரு தகட்டைக் கையில் எடுத்தபோதுதான் வேல்விழி அந்தச் சொல்லைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் நரசிம்மனிடம் ஓடினாள்.

"கஸ்டமர் ஓகே குடுத்துட்டாரு இல்ல? வுடு. நம்ம மேல ஒண்ணும் வராது."

"உசிரோட இருக்க ஆளுக்கு நினைவாகன்னு போட்டிருக்கு சார்."

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற? நாளைக்குள்ள திரும்ப அடிக்க மெஷின் காலி இல்ல."

பெர்மிஷன் சொல்லிவிட்டு, ஆர்டரில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு அவள் பிள்ளைப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள். (ஏன் போனாள் என்பதற்கு ஒரு முழுப் பத்தி எழுதி வைத்திருந்தேன். எல்லாம் உயர்ந்த காரணங்கள். அவளிடமே கேட்டேன். "சும்மா உக்காந்திருக்க முடியல சார்" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

4

கதவு திறந்திருந்தது. வீடு முழுக்க நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. பிரித்த பெட்டிக்குப் பக்கத்தில் ரத்னா தரையில் உட்கார்ந்து, பஞ்சால் ஒரு தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடைக்காதியக்கா" என்றாள் வேல்விழி வாசலிலிருந்தே. "பாட்டு அங்கதான் இருக்கு."

"பாட்டு அந்தாண்ட பக்கம் இல்ல கீது? பளபளன்னு?"

"அந்தப் பக்கம் வெறும் பிளாஸ்டிக்குக்கா. எழுத்துக்கு அடியிலதான் பாட்டு. எழுத்த அழிச்சா அதும் போயிரும்."

ரத்னா தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துடைத்த இடத்தில் வெள்ளிப் பூச்சு கரைந்து, மங்கலாக ஜன்னல் தெரிந்தது.

"நீ யாரு?"

"இத அடிச்சது நாந்தான்."

ரத்னா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று வேல்விழிக்கு இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லு. அவுரு இத பாத்துட்டுதான் ஓகே சொன்னாரா?"

வேல்விழியின் கையில் போன் இருந்தது. போனில் அந்தப் பதில் இருந்தது. பெயரில் ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்தவர், அதற்குக் கீழே இருந்த சொல்லைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அல்லது பெயரோடு கண் நின்றுவிட்டதா?

"பாக்கலக்கா. பஸ் ஓட்டிக்கிட்டே பதில் போட்டுட்டாவ. தப்பு முழுக்க எம்மேலதான்."

ரத்னா பஞ்சைக் கீழே வைத்தாள். பிறகு கரகரத்த குரலில் சொன்னாள்: "பஸ் ஓட்டிக்கினு அவுரு போன தொடவே மாட்டாரு."

5

இந்த இடத்துக்கு ஓர் அழகான முடிவு எழுதினேன். ரத்னா சிரித்துக்கொண்டே, "என் குரலுக்கு நினைவா இருக்கட்டும்" என்கிறாள். மறுபடி படித்தேன். பேசியது ரத்னா இல்லை, நான். அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வேல்விழி கடைக்குப் போய்த் தகட்டில் எழுதும் கறுப்புப் பேனாக்கள் வாங்கி வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தகட்டிலும் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்தார்கள். பாதி முடிந்திருந்தபோது ஜெபகுமார் வந்தார். ஒன்று கேட்டார். (அதைக் கடைசியில் சொல்கிறேன்.) பிறகு அவரும் உட்கார்ந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டார். மூன்று பேருமாக மீதித் தகடுகளில் கோடு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்னா தன் கையாலேயே கொடுத்தாள். கோட்டைக் காட்டிக் கேட்டவர்களிடம், "பிரிண்ட் மிஸ்டேக்" என்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேசுகிறாள். மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. பாடகர் குழுவில் நின்று வாயை மட்டும் அசைக்கிறாள்.

6

உள்ளே வந்த ஜெபகுமார் கேட்டது, "இன்னா இது" என்றுதான்.

அந்த இரண்டு சொல்லை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துக் களைத்துவிட்டேன். தகட்டில் அந்தச் சொல் இருப்பது தெரியாதவர் கேட்டிருந்தால் இது ஒரு கவனப் பிழையின் கதை. தெரிந்தவர் கேட்டிருந்தால், அந்த மாதிரியைப் பார்த்த கணத்தில் அவர் மனதில்... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தும், 'இதை எடுத்துடுங்க' என்று தட்டச்சு செய்ய விரல் வராமல் போயிருக்கலாம். அதுவும் ஒரு கதைதான். 'இன்னா இது' என்பதற்குப் பின்னால் கேள்விக்குறி போடுவதா, முற்றுப்புள்ளி போடுவதா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

வேல்விழி கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்னாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அக்கா நிமிந்தே பாக்கல சார். அடுத்த தகட்ட எடுத்தாவ."