அக்கா கேட்ட மன்னிப்புகள்

விசாரணை அறையின் முன்வரிசை முழுக்க அக்கம்பக்கத்தார். எல்லாரும் அக்காவின் உணவகத்தில் கை நனைத்தவர்கள்தான். பிறந்தநாள், கல்யாண நாள், மாமியார் ஊருக்குத் திரும்பிப் போன நாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். இன்றைக்கு அவள் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவருக்கும் கூரையில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. அக்கா யாரையும் குறை சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் கூடப் பிறந்த தம்பி ஒருத்தன்தான். அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து, கைவிரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தான். உணவகம் அவளுடையது, மது விற்கும் லைசென்ஸ் அவன் பெயரில். பிடிவாதம் பிடித்து அவன் பெயரில் எடுக்க வைத்தவள் அவள்தான். போன வேலையிலெல்லாம் முதலாளியிடம் முறைத்துக்கொண்டு திரும்பி வந்தவன், பார் மேடைக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தான். தான் ஒரு சொட்டு தொடமாட்டான். “போதும் சார், தண்ணி குடிங்க. நாளைக்கும் கடை இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்துவிடுவான். குடித்தவனுக்குக் கோபம் வராமல் குடியை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? அது அவனுக்குக் கை வந்திருந்தது. இன்று லைசென்ஸ் ரத்தானால் இனி எந்த ஊரிலும் அவன் பெயரில் இன்னொன்று கிடைக்காது. அக்காவுக்கு அந்தப் பயம்தான்.

தெருக்காரர்கள் கொடுத்த புகாரில் பொய் எதுவும் இல்லை. ராத்திரியில் தெருவில் கூச்சல் இருந்தது, பாட்டுச் சத்தம் இருந்தது, குடித்துவிட்டு யார் வீட்டு வாசலிலோ அசிங்கம் பண்ணுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு தெருமுனையில் இருக்கும் இன்னொரு மதுக்கடையின் கைங்கரியம். மூலைக்கடை என்பார்கள். அங்கே பாட்டுப் போட்டால் அக்கா கடை அலமாரியில் தட்டு ஆடும்.

குடியிருப்பவர்கள் தரப்பில் வந்த வக்கீல் எழுந்தார். “நான் பேசப் போறதில்லை. இவங்களே பேசுவாங்க” என்று ஒரு போனை ஒலிபெருக்கியோடு இணைத்தார்.

பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தத்தோடு அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “ஐயோ, சாரி சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இப்படி நடக்காது, நான் பாத்துக்கறேன்.”

அடுத்தது. “மன்னிச்சுக்கம்மா. வாசலை நானே வந்து கழுவி விட்டுடறேன், நீ உள்ள போய்ப் படு.”

இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அடுப்படியில் மாவும் எண்ணெயுமான கையோடு நிற்பவள், தட்டச்சு செய்யவா முடியும்? புகார் வந்ததும் புறங்கையால் போனை அழுத்திக் குரலைப் பதிவுசெய்து அனுப்பிவிடுவாள். எந்த நேரமானாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய் நம்பர் கொடுத்தவளும் அவளேதான்.

சாரி என்பது அவளுக்கு வார்த்தையே இல்லை, பழக்கம். பரிமாறும் வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: சூப்பில் முடி கிடக்கிறது என்றால் அது யார் முடி என்று ஆராயாதே, முதலில் சாரி சொல். அவள் கடைச் சமையல்காரருக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது. அங்கேயும் அதே சட்டம்தான்.

“நாம பண்ணாததுக்கு எதுக்குக்கா சாரி கேக்கற?” என்று தம்பி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான்.

“கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? போடா” என்று அவனை அடக்கியிருக்கிறாள்.

லைசென்ஸ் விசாரணைக் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “இது உங்க குரல்தானேம்மா?”

“ஆமாங்க. ஆனா அந்தச் சத்தம் எங்களோடது இல்லைங்க. அது மூலைக்கடை.”

“அப்புறம் ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?”

“கேட்டா அவங்களுக்குக் கொஞ்சம் மனசு ஆறும்ல. எங்க தொழில்ல அப்படித்தாங்க. முதல்ல சாரி, அப்புறம்தான் யார் என்னன்னு பாக்கறது.”

“வாசலைக் கழுவினீங்களே, அது?” என்றார் வக்கீல்.

“அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சு. குனிய முடியாதேன்னு கழுவினேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம், பாவம், கழுவினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வக்கீலுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. “செஞ்சோம்னு அன்னிக்குச் சொன்னீங்க, செய்யலைன்னு இன்னிக்குச் சொல்றீங்க. ரெண்டுல எது பொய்னு நீங்களே சொல்லிடுங்கம்மா.”

அக்காவுக்கு எதைச் சொன்னாலும் தப்பாகப் போகும் என்று புரிந்தது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டான். “மூலைக்கடையை ஏன் யாரும் கூப்பிட்டு விசாரிக்கலை?”

தலைவி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். “அந்தக் கடை மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் வரலையேப்பா.”

குழு உள்ளறைக்குப் போய், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தது. லைசென்ஸ் ரத்து. தவறுகளை உரிமைதாரர் தரப்பே தொடர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறது, ஒப்புக்கொண்டும் திருத்திக்கொள்ளவில்லை என்று தலைவி வாசித்தார். தம்பி வெளியே போனான்.

வாசல் படியில் எதிர்வீட்டுக்காரர் அக்காவை மறித்தார். பணி ஓய்வு பெற்றவர், அதிகமாகப் புகார் அனுப்பிய புண்ணியவான். “மனசுல வச்சுக்காதீங்கம்மா. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.”

“சத்தம் மூலைக்கடையிலேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க ஜன்னலைத் திறந்தா நேரா அதுதானே?”

“தெரியாம என்ன? ஆனா அவனுக்குப் போன் பண்ணினா எடுக்கவே மாட்டான். நேர்ல போய்க் கேட்டா அடிக்க வரான். நீங்கன்னா உடனே பதில் சொல்வீங்க, மரியாதையாப் பேசுவீங்க. அதான் எல்லாரும் உங்களுக்கே சொல்லிட்டிருந்தோம். அப்புறம் வக்கீல் எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டாரு, கொடுத்துட்டோம்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “சாப்பாடு எப்பவும் போல இருக்கும்ல? ஞாயித்துக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள்” என்றார்.

அக்காவுக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமும் மூலைக்கடைக்காரனின் அழுக்கைத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கூடவே தம்பியின் தலையிலும் கொட்டியிருக்கிறாள். அவரைத் தாண்டி நடந்தாள்.

தம்பி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“மூலைக்கடைக்காரன் ஆள் வேணும்னு கேட்டுட்டே இருந்தான்” என்றான். “நாளையிலேருந்து போறேன்.”

“அங்கயாடா? அவன்கிட்டயா?”

“லைசென்ஸ் போனவனை வேற யாரு சேர்த்துப்பாங்க?” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பஸ் வரும் திசையைப் பார்த்தான். “நல்ல கடைதான்க்கா. அது மேல ஒரு புகார்கூட இல்லையாம்.”