எட்டாவது துளை

செவெரினிடம் இருப்பது ஒரே ஒரு கைக்கடிகாரம். அதற்காக அவர் தைத்து வைத்திருக்கும் தோல் வார்களோ நாற்பத்தொன்று. முப்பது வருடம் ராடோம் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு இது என்ன கிறுக்கு என்று யாருக்கும் தோன்றும். எதிர்வீட்டு லெயோகாடியா வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“என்னங்க செவெரின், மரவட்டை மாதிரி உங்களுக்கு என்ன நாற்பது கையா இருக்கு?”

“சும்மா உட்கார்ந்தா சுவரோட பேச வேண்டியிருக்கும்மா.”

“பேசுங்களேன். எங்க வீட்டுக்காரரைவிடச் சுவரு தேவல.”

மனைவி போஜெனா இறந்த குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. தோல் பதனிடும் இடத்தில் கழித்துப்போட்ட துண்டுகளை வாங்கி வருவார். முழங்கால்களுக்கு நடுவே மரக்கவ்வியில் இறுக்கி, மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் தைப்பார். சாப்பாட்டு மேசை முழுக்கத் தோலும் உளியும் கிடக்கும். அதனால் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவதாகச் சொல்லிக்கொள்வார். சும்மா சொல்வது அது. எதிரே இருக்கும் வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியவில்லை.

நாற்பத்திரண்டாவது வார் மகன் ஹூபெர்ட்டுக்கு. நார்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை. போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது, காகிதப் பட்டையை அவன் மணிக்கட்டில் சுற்றி அளந்து, குதிரைத் தோலில் தைத்துக் கொடுத்தார். ஏழு துளைகள். நடுவில் இருக்கும் நாலாவது துளையில் கொக்கி கனகச்சிதமாக உட்கார்ந்தது. செவெரினின் பெருமையே அந்த நாலாவது துளைதான். மூன்றிலோ ஐந்திலோ போய் உட்கார்ந்தால் அதை வார் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அவன் அதைக் கட்டுகிறானா? ஒரு வருடமாக அவரை அரித்தது அந்த ஒரே கேள்விதான். ஞாயிறுதோறும் போனில் மகன் முகம் வரும். தாடி வளர்த்திருந்தான், தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தான். கை மட்டும் கண்ணில் படாது.

“ஸ்ட்ராப் எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா. தினமும் அதுதான்.”

“எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் சொல்லும்,” என்றாள் இதைக் கேள்விப்பட்ட லெயோகாடியா. “எம் பொண்ணு நான் பின்னின தொப்பியைப் போட்டுக்கறேன்னு எட்டு வருஷமா சொல்றா. தொப்பி என் அலமாரியில இருக்கு.”

செவெரினுக்குச் சுருக்கென்றது. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? கட்டிய வாரில் கொக்கி மடித்த தழும்பு விழுந்திருக்கும். தோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

நவம்பர் முதல் தேதி காலையில் ஹூபெர்ட் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. போஜெனாவின் கல்லைத் துடைத்து, சாமந்தித் தொட்டியை வைத்து, விளக்குகளை ஏற்றினார்கள். நல்ல குளிர். மகன் கையுறையைக் கழற்றவே இல்லை. மனைவி கல்லறை முன்னால் நின்றுகொண்டு மகனின் மணிக்கட்டையே நோட்டம் விடுகிறோமே என்று செவெரினுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹூபெர்ட் கை கழுவக் கடிகாரத்தைக் கழற்றித் தொட்டியோரம் வைத்தான். அவன் துண்டைத் தேடுவதற்குள் செவெரின் அதை எடுத்துவிட்டார்.

கட்டியிருக்கிறான்! தினமும் கட்டியிருக்கிறான். தோல் வியர்வையில் கறுத்து, விளிம்பு வழவழத்து, நாலாவது துளையில் ஆழமான தழும்பு. அவருக்கு ஒரே குதூகலம். லெயோகாடியாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் கடிகாரத்தின் பக்கமாக, ஏழாவது துளையையும் தாண்டி, கோணல்மாணலாக ஒரு ஓட்டை கண்ணில் பட்டது.

“எந்த மடையன்டா இதுல ஓட்டை போட்டது? கசாப்புக் கடைக்காரன்கூட இப்படிக் குத்த மாட்டான்!”

“நான்தாம்பா. ஆணியால.”

“ஏழு துளை போட்டுத் தந்தேனே, பத்தலையா உனக்கு?”

“லூசா இருந்துச்சுப்பா.”

திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். வாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலில் தழும்பு. ஐந்தில் ஒன்று. ஆறில் ஒன்று. ஏழிலும். கடைசியாக அந்த ஆணி ஓட்டையில் புதுத் தழும்பு. துளைக்குத் துளை அரை சென்டிமீட்டர் என்று வைத்துத் துளையிட்டவரே அவர்தானே. மொத்தம் இரண்டு சென்டிமீட்டர். அத்தனை இளைத்துவிட்டதா மகன் கை?

“கையை நீட்டு.”

“விடுங்கப்பா.”

“நீட்டுடா.”

கம்பளிச் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“உடம்புக்கு ஏதாவதா?”

“டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நோய் ஒண்ணும் இல்லையாம்.” ஹூபெர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “கூட இருந்த பசங்க வசந்தத்துலயே ஊருக்குப் போயிட்டாங்க. தனியாத் தட்டு முன்னாடி உட்கார்ந்தா... இறங்க மாட்டேங்குதுப்பா.”

ஐம்பத்திரண்டு ஞாயிறு. அத்தனை ஞாயிறும் ஸ்ட்ராப் எப்படி இருக்கு, ஸ்ட்ராப் எப்படி இருக்கு என்று கேட்டவர், ஒரு நாளாவது சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. செவெரினுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மேசையில் கிடந்த தோலையும் உளியையும் ஒரே தள்ளாகத் தள்ளி, இரண்டு தட்டு வைத்தார்.

“புதுசா ஒண்ணு தைச்சுத் தர்றீங்களாப்பா? இந்தக் கைக்கு அளவா?” என்று கேட்டான் ஹூபெர்ட்.

“இந்தக் கைக்குத் தைக்க மாட்டேன். சூப்பைக் குடி.”

நாலாம் நாள் அவன் கிளம்பிப் போனான். வேலை அங்கேதான் இருக்கிறது, என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, மெழுகு டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து, வெகு நாளைக்குப் பிறகு செவெரின் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கே அவனும் சாப்பிட்டான். கரண்டிச் சத்தம்தான் கேட்டது. முடிந்ததும், கேட்காமலேயே ஹூபெர்ட் மணிக்கட்டைத் தூக்கித் திரையில் காட்டினான். கொக்கி இன்னும் ஆணி ஓட்டையில்தான் இருந்தது.

“இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போட்டுக்கோ,” என்றார்.

“தீர்ந்துபோச்சுப்பா.”

“அப்ப அடுத்த வாரம் கூட ரெண்டு வேக வை.”

திரை அணைந்தது. செவெரின் எழுந்து தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.