பன்னிரண்டாவது பாட்டு

அரங்கத்தின் படியில் இறங்கும்போதே அவள் கேட்டுவிடுவாள், இன்றைக்கு எந்தப் பாட்டு என்று. நாலு வருடமாக அதுதான் புருஷன் பெண்சாதிக்குள் ஏற்பாடு. ஒரு மாதம் அவள் இஷ்டத்துக்கு இசை நாடகம், மறு மாதம் அவன் இஷ்டத்துக்கு ராக் கச்சேரி. எதற்குப் போனாலும், திரும்பும்போது பிடித்த பாட்டைச் சொல்லி, ஏன் பிடித்தது என்றும் சொல்லியாக வேண்டும். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தப் பேச்சு தாங்கும். சில நாள் பஸ் ஏறி இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறக்கிற வரைக்கும் இழுக்கும். மகள் கல்யாணமாகிப் போனபின், உப்பு போதுமா, கதவைச் சாத்தியாச்சா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பாட்டு வந்துதான் வாயைத் திறந்துவிட்டது.

அவனுக்குச் சாலை உடைக்கிற வேலை. இருபத்தாறு வருடமாக உடைக்கிற மெஷினைப் பிடித்த கை, சும்மா இருக்கும்போதும் லேசாக ஆடும். கூட வேலை செய்கிறவர்கள் அவனை டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தமாகப் பேசுகிறவன், அதனால் அந்தப் பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். அவனும் திருத்தவில்லை.

காது போய் இரண்டு வருடமாகிறது. முதலில் வாசல் மணி போனது. அடுத்து போனில் மகள் குரல் போனது. அப்புறம் பெண்கள் பாடுவதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பதைப் போல ஆகிவிட்டது. அவள் எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். கச்சேரியில் தொந்தரவில்லை. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி விலா எலும்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாடகம்தான் பெரும்பாடு. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். வாசலில் கொடுக்கிற சிறு புத்தகத்தில், முடிவை மட்டும் விட்டுவிட்டு, கதையும் பாட்டுப் பட்டியலும் இருக்கும். முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவன், விளக்கு அணைவதற்குள் வரிக்கு அடியில் விரலை ஓட்டி அதைப் படித்து முடித்துவிடுவான். மிச்சத்தை அவள் முகம் சொல்லும். எந்த இடத்தில் அவள் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறாளோ அதுதான் நல்ல பாட்டு.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பாவம் பார்ப்பாள். உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்று தன் அக்காளைக் கூட்டிக்கொண்டு போவாள். பஸ் நிறுத்தம் வரைக்குமான பேச்சு அக்காளுக்குப் போய்விடும்.

அன்றைய பகல் காட்சியில் ஒரு பாடகியின் கதை. பட்டியலில் பன்னிரண்டு பாட்டு. கடைசியில் பாடகி வாசற்படியில் உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்து வாயைத் திறந்தாள். அரங்கமே அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் இவள் அழுதுகொண்டிருந்தாள். நாடகம் பார்த்து அவள் அழுது அவன் கண்டதில்லை. இதுதான் என்று முடிவு செய்துகொண்டான்.

"இன்னிக்கு எது?"

"அந்தக் கடைசிப் பாட்டு. வாசப்படில உக்காந்து பாடுனா பாரு, அது. என்னா குரலு. நெஞ்ச அறுத்துட்டா."

இரண்டு படி கீழே போயிருந்தவள் நின்று திரும்பினாள். பின்னால் வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

"அவ பாடலைங்க."

"பன்னெண்டாவது பாட்டு. புக்குல போட்டிருந்துச்சே."

"புக்குல போட்டிருக்கான். பாடுற நேரத்துல அவளுக்குக் குரல் போயிருச்சு. வாயத் தொறக்குறா, சத்தமே வரல. வாத்தியத்தக்கூட நிறுத்திட்டாங்க. அதான் கதையே."

"மனசுக்குள்ள பாடுனதச் சொன்னேன்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்து அசைவதைப் பார்த்து, ஏதோ சொல்கிறாள் என்று புரிந்து, "ஆமாமா" என்றான்.

அவள் திரும்பினாள். "நான் என்ன கேட்டேன்?"

அவன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"எத்தன நாளா?"

இரண்டு விரலைக் காட்டினான்.

"மாசமா?"

"வருசம்."

"டமாரம்னு கூப்புடுறது டமாரச் செவிடுன்னுதானா. சைட்டுல அத்தன பேருக்கும் தெரியும், கட்டுன பொண்டாட்டிக்குத் தெரியாது." ஒரு படி இறங்கித் திரும்பி, "அந்தக் கெழவன் பாட்டு தாலாட்டு மாதிரி இருக்குன்னீங்களே ஒரு தடவ. எங்க வீட்டுக்காரருக்கு என்னா ரசனைன்னு அக்காகிட்டப் போய்ப் பீத்திக்கிட்டேனே."

"அது உன் மூஞ்சியப் பாத்துச் சொன்னது."

அவள் மிச்சப் படிகளை விடுவிடுவென்று இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இறங்குகிற வரைக்கும் வெளியே பார்த்தாள்.

அடுத்த மூன்று வாரமும் வேண்டியதை மட்டும், அதுவும் கையைக் காட்டிச் சொன்னாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி அலசுகிற மெஷின்களுக்கு நடுவே பெண்கள் பேசிக்கொள்கிற ஜாடை அது. சாப்பாட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. எல்லாம் அவனுக்குச் சட்டென்று விளங்கியது.

கச்சேரி நாளில் ஒற்றை ஆளாகப் போவதென்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மைதானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் சுற்றியிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கையால் பேசத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவன் குடிக்கிற மாதிரி கட்டைவிரலைக் காட்டினான், கூட்டாளி பாட்டிலை நீட்டினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எக்கி, வலது காதில் என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். வாய் நின்றதும் பழக்கத்தில் அவன் தலையை ஆட்டினான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் தலை பாதியில் நின்றது.

"வெளங்கல" என்று கத்தினான். "ஒண்ணும் வெளங்கல எனக்கு."

அது அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. வாயசைவைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் புகுந்தாள். குதித்துக்கொண்டிருந்தவர்களின் முழங்கைகளை விலக்கி, மிதித்தவளை முறைத்து, இடது காதுப் பக்கமாக வர இடம் தேடிக்கொண்டிருந்தாள். அவன் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.